மாரி இருளுக்கு முன்

ஐப்பசி பிறந்ததும் வடகீழ்ப் பருவக்காற்று எம் வாயிலில் வந்து நிற்கும். அதன் பின் வரும் இரு மாதங்களும் வங்கக் கடலை நம்பவியலாத மாதங்கள். 1964 டிசெம்பரில் மன்னார்க் கரை பட்ட பாட்டையும், 1978 நவெம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் நிலத்தோடு நிலமாய்ச் சாய்ந்ததையும் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உளர். 2020 டிசெம்பரில் ‘புரெவி’ வந்தது. 2025 நவெம்பர் 28ஆந் திகதி கிழக்குக் கரையில் ஏறிய ‘டித்வா’ நாட்டின் பெரும்பகுதியை வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தி, அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

புயல் எதுவாயினும் மின்கம்பம் முதலிற் சாயும். வயல்வெளிக்கு அப்பாலுள்ள வீடு இறுதியில் வெளிச்சம் பெறும். இதனை முழுவதும் வஞ்சனை என்று நாம் கூறோம். பெருங்கம்பிகளைச் சீர்செய்து, மருத்துவமனைக்கும் நீர்வழங்கலுக்கும் மின் கொடுத்த பின்னரே கிளைக் கம்பிகளின் முறை வரும். ஆகவே கம்பியின் கடைசியில் வாழும் கமக்காரன் பல நாள் இருளுக்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அவன் மெய்யாகவே ஆயத்தமாயிருக்கின்றானா என்பதே எம் வினா.

“மின்சாரமில்லாமல் நாம் வாழாத வாழ்வா?” என்று சிலர் நகைக்கக் கூடும். உண்மைதான். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணம் பல்லாண்டு இருளிலே வாழ்ந்தது. ஜாம் போத்தலுள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்ட சிக்கன விளக்கின் கீழ்ப் படித்தவர்கள் இன்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் இருக்கின்றனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஆனால் அன்று கிணற்றடியிலே கப்பியும் கயிறும் வாளியும் இருந்தன. இன்றோ பல வீடுகளிற் கிணற்றுக்கு மூடியிட்டாயிற்று. குழாய்க் கிணறாயின் வாளி இறங்கவே வழியில்லை. மின் நின்ற அன்று மாலையே வீட்டில் நீரும் நின்றுவிடும். விளக்கின்றி ஒருவன் ஒரு வாரம் இருப்பான், நீரின்றி இருப்பானா?

எனவே முதலாவது ஆயத்தம் மின்சாரத்தைப் பற்றியதே அன்று. எச்சரிக்கை வந்தவுடன் கூரைத் தாங்கியை நிரப்புங்கள். திறந்த கிணறுடையோர் கப்பியையும் கயிற்றையும் மீண்டும் பூட்டுங்கள். குடிநீரைத் தனியே எடுத்து மூடி வையுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீர், பம்பு ஓடினாலும் குடிக்க உதவாது.

இரண்டாவதாக, இக்காலத்துப் பெருமயக்கம் ஒன்றைக் களைய வேண்டும். கூரையிலே சூரியத் தகடு பதித்தோர் பலர், புயல் வந்தாலும் தம் வீட்டில் மின் இருக்குமென நம்புகின்றனர். கடன்பட்டுப் பதித்தவர்களுக்கு இதைச் சொல்ல எமக்கே மனம் வருந்துகின்றது. பொதுக் கம்பியுடன் மட்டும் இணைந்த சோலர், கம்பியில் மின் நின்ற கணமே தானும் நின்றுவிடும். நடுப்பகல் வெயில் எறித்தாலும் ஒரு விளக்கும் எரியாது. இது பழுதன்று, அறுந்த கம்பியைத் தொட்டு வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. புயலிலும் மின் வேண்டுவோர்க்குப் பற்றரியும், பொதுக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துத் தனித்து இயங்கவல்ல இன்வேட்டரும் வேண்டும். விற்பவர் இதனைச் சொன்னாரா? சொல்லாவிடின் மாரிக்கு முன் அவரை அழைத்துக் கேளுங்கள். தகடு பெயர்ந்து விழுந்தால் அதனைத் தொடாதீர்கள். பகலொளி படும்வரை உடைந்த தகட்டிலும் மின் இருக்கும்.

இனி மின்பிறப்பாக்கி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம், ஏனெனில் உயிர்கள் போவது இங்கேதான். இரு முனையிலும் பிளக் பூட்டிய வயரைச் செய்து, பிறப்பாக்கியின் மின்னைச் சுவரிலுள்ள பிளக்குத் துவாரத்தினூடாக வீட்டினுள் ஏற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எளிய வழி என்று அதனைக் கெட்டித்தனமாகவும் கருதுகின்றனர். அவ்வாறு ஏற்றிய மின் வீட்டோடு நிற்பதில்லை. மெயின் சுவிச்சை நிறுத்த மறந்தால் அது கம்பத்துக்கு ஓடி, மின்மாற்றியைத் தலைகீழாய்க் கடந்து, 33,000 வோல்ற்றுக் கம்பியையே உயிர்ப்பிக்க வல்லது. எமக்கு வெளிச்சம் தருவதற்காக மழையிலே கம்பத்தில் ஏறி நிற்பவன், எம் வீட்டு மின்னாலேயே மடிவான். தகுதிபெற்ற மின்தொழிலாளியைக் கொண்டு ‘சேஞ்சோவர்’ எனப்படும் மாற்றுச் சுவிச்சைப் பூட்டுங்கள். ஒரு பக்கம் இணைந்தால் மறுபக்கம் தானே துண்டிக்கப்படும். அதற்குப் பணமில்லையெனின், பிறப்பாக்கியிலிருந்து நீள்வயர் இழுத்து வேண்டிய கருவியை நேரே பூட்டுங்கள். வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம்.

மழைக்கு அஞ்சிப் பிறப்பாக்கியைக் குசினியிலோ விறாந்தையிலோ வைப்போரும் உளர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மாள்வர். வீட்டிலிருந்து ஆறு மீற்றருக்குக் குறையாத தூரத்தில், கதவு யன்னல்களுக்கு விலகி, தனிக் கூரை போட்டு வையுங்கள்.

அளவறிந்து வாங்குதலும் வேண்டும். ஒரு குதிரைவலுப் பம்பு ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாற்றுக் கொள்ளும். புறப்படும் கணத்திலோ அதன் பல மடங்கு கேட்கும். சிறு பிறப்பாக்கி அங்கே திணறி நிற்கும். கடைக்காரரின் சொல்லை நம்பாது, மழைக்கு முன் ஒருநாள் பூட்டி ஓட்டிப் பார்த்து விடுங்கள். பற்றரியின் கணக்கு இன்னும் எளிது. 12 வோல்ற்று, 100 அம்பியர்மணி ஈயப் பற்றரியில் 1,200 வாற்றுமணி உண்டு. அது நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் பாதியையே எடுக்கலாம். 9 வாற்று விளக்கு மூன்றும் கைத்தொலைபேசிகளும் சேர்ந்து 40 வாற்றென வைத்தால், இழப்புப் போகப் பன்னிரண்டு மணிநேரம் கிடைக்கும். மாலையில் நான்கு மணிநேரம் எரித்தால் மூன்று இரவு. சிக்கன விளக்கின் பழக்கம் இங்கே கைகொடுக்கும்! முன்னைய வெள்ளம் சுவரில் விட்டுச் சென்ற அடையாளத்துக்கு மேலாகப் பற்றரியை உயர்த்தி வையுங்கள்.

‘ட்றிப்’ சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை இன்றே ஒருமுறை அழுத்துங்கள்; மின் துண்டிக்கப்படாவிடின் அது வெறும் அலங்காரம். இன்சுலின் பாவிப்போர் வீட்டில் இருப்பின், மின்னின்றி அதனை எவ்வளவு காலம் எவ்வாறு வைத்திருக்கலாமென மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

இவ்வளவும் வீட்டார் கடமை. ஆனால் கமக்காரனின் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டு ஆட்சியாளர் வாளாவிருத்தல் நீதியாகாது. 2025 ஏப்பிரலில், புத்தாண்டு விடுமுறை நாட்களில் மின் மிஞ்சுகின்றது என்று கூறி, பகலிற் கூரைச் சோலரை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர் கேட்கப்பட்டனர். அதே ஆண்டு நவெம்பரில் ஊர்கள் இருளில் மூழ்கின. பகலில் மிஞ்சியதைச் சேர்த்து வைக்கப் பற்றரிகள் இருந்திருப்பின் இவ்விரு துன்பமும் குறைந்திருக்குமல்லவா? பற்றரிக்கு உதவி வழங்கும் எத்திட்டமும் நகரத்து மாடிவீட்டில் தொடங்காமல், கம்பியின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கட்டும் என்பது எம் கோரிக்கை. வீடுதோறும் இயலாதெனில் சனசமூக நிலையந்தோறும் தகடும் பற்றரியும் கொண்ட ஒரு தொகுதி அமையட்டும். தொலைபேசிக்கு மின்னும், மருந்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியும் அங்கே கிடைக்கும்.

மரம் வெட்டுதலும் அப்படியே. கம்பியின் மேற் சாய்ந்த கிளைகள் புரட்டாதி முடிவதற்குள் தறிக்கப்பட வேண்டும். எந்த ஒழுங்கையில் எந்த நாளில் அவ்வேலை நடைபெறும் என்பதைத் தமிழில் எழுதி, கிராம அலுவலர் பணிமனையில் ஒட்டுவது பொறுப்பு வாய்ந்தவர்களுக்குப் பெருஞ்செலவன்று. அந்த நாள் தெரிந்தால், தம் காணித் தென்னையின் காய்ந்த ஓலையை முன்னரே இறக்கி வைத்து எம் கமக்காரரும் உதவுவர்.