ஊர் விட்டு ஊர் போய் ஆடலாமா?

நோட்டர்டாம் என்றால் பிரெஞ்சு மொழியில் ‘நம் அன்னை’ என்று பொருள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் அப்பெயர் தாங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1842-இல் தோன்றியது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் புகழ் பெற்றது அதன் குழு.

சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டம் ஒன்றைத் தொலைநகருக்குக் கொண்டுபோய் விழாவாக ஆடும் வழக்கத்தை இக்குழு 2009-இல் சான் அன்டோனியோவில் தொடங்கியது. பின்னர் நியூயார்க், லாஸ் வேகாஸ் என்றும் போயிற்று. குழுவுக்கு இதனால் நன்மையே. 2024 வரை அவ்வாறு ஆடிய எதிலும் அது தோற்கவில்லை! தூரத்துச் சிறுவர்களுக்கும் அங்கே சேர்ந்து ஆடும் ஆசை பிறக்குமல்லவா?

1929-இல் புது அரங்கம் கட்டப்பட்டு வந்ததால் எல்லா ஆட்டங்களையும் வெளியிலேயே ஆடி வென்றார்கள். அன்று வேறு வழியில்லை. இன்றோ 77,000 பேருக்கு மேல் அமரும் அரங்கம் வீட்டு வாசலில் இருக்கிறது. விடுதியிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கும் மாணவர், ஆயிரம் மைல் தாண்டிப் போகப் பணத்துக்கு எங்கே போவார்? ஆட்ட நாளை நம்பியிருக்கும் உள்ளூர்க் கடைக்காரர் என்ன செய்வார்? எங்கள் எறிபந்துக் குழு வெளியூர் போனால் எங்களுக்கு வந்து சேருவது ஸ்கோர் மட்டும்தான். ஆரவாரமெல்லாம் அந்த ஊருக்கே!

2023-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கடற்படை அகாடமியுடன் ஆடினார்கள். அது எதிரணியின் சொந்த ஆட்டமாகக் கணக்கிடப்பட்டது. நோட்டர்டாம் மாணவர் தம் மைதானத்து ஆட்டம் எதையும் இழக்கவில்லை. அப்படிப் போவதில் எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை.