தீ மூட்டுமுன் ஒரு கேள்வி

சிலப்பதிகாரத்தைப் பற்றிக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் கண்ணகியின் சீற்றத்தையும் மதுரை எரிந்ததையும் சொல்வோம். அதற்கு முன் பாண்டியன் அவையில் நடந்த ஒரு சோதனையை மறந்து விடுவோம். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, கோவலன் கள்வன் அல்லன் என்பது உறுதியானது. தமிழ் இலக்கியம் நமக்குக் காட்டும் சிறந்த தடயப் பரிசோதனை இது என்றால் மிகையாகாது. ஆனால், கோவலன் வெட்டுண்டு மாண்ட பிறகே அச்சோதனை நடந்தது.

அங்கே உடைத்துப் பார்க்கச் சிலம்பாவது எஞ்சியிருந்தது. இன்று நம் சமுதாயத்தில் ஒருவர் திடீரென இறந்தால், உண்மையைச் சொல்லக்கூடிய முதன்மைச் சான்றாக இருப்பது அவருடைய உடல்தான். அதைச் சில மணி நேரத்திலேயே நாம் மின்சுடலைக்குக் கொண்டு போய் விடுகிறோம். தகனம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது நம் முன்னோர் வழிவந்த சடங்கு. தீ மூட்டுமுன் "இவர் ஏன் இறந்தார்?" என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

'ஏன் இறந்தார்' என்பது எளிய கேள்வியாகத் தோன்றலாம். மூச்சு நின்றது, இதயம் நின்றது என்று சொல்லி விடுகிறோம். இறந்த எல்லாருக்கும் மூச்சும் இதயமும் நின்றுதான் போகின்றன. விளக்கு ஏன் அணைந்தது என்று கேட்டால் இருட்டாகி விட்டது என்று பதில் சொல்வதைப் போன்றது அது. தடயவியல் மருத்துவம் இதில் மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறது. உடலில் கடைசியாக எது செயலிழந்தது? அதைத் தொடங்கி வைத்த நோய் அல்லது காயம் எது? அது இயற்கையா, விபத்தா, தற்கொலையா, பிறர் செயலா? முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதி விட்டு மற்ற இரண்டையும் விட்டு விட்டால் அந்த மரணத்தைப் பற்றி நாம் எதையும் அறிந்து கொள்ளவில்லை என்றுதான் பொருள்.

இதற்கு நம் நாட்டிலேயே மறக்க முடியாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில் தடுப்புக் காவலில் இருந்த குகன் ஆனந்தன் என்ற இளைஞர் இறந்தார். கார் திருட்டு தொடர்பில் விசாரிக்கப்பட்டு வந்தவர் அவர். செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே மரணத்துக்குக் காரணம் என்றது. உடலில் இருந்த காயங்களைக் கண்ட குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. இறுதிச் சடங்கை நிறுத்தி வைத்து இரண்டாவது சவப் பரிசோதனை கோரினார்கள். மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் அது நடந்தது.

அந்த அறிக்கை 45 புறக்காயங்களைப் பதிவு செய்தது. காரணமாகச் சொல்லப்பட்டதும் முற்றிலும் வேறு. பலமான தாக்குதலில் தசைகள் நைந்து போனால் தசைக்குள் இருக்கும் புரதம் இரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்ட முடியாமல் சிறுநீரகங்கள் அடைபட்டுச் செயலிழக்கும். குகன் அப்படித்தான் இறந்தார் என்றது இரண்டாம் அறிக்கை. நுரையீரலில் நீர் கோப்பது பலவகை மரணங்களின் இறுதிக் கட்டத்தில் காணப்படும் ஒன்று. அது ஏன் கோத்தது என்பதல்லவா கேள்வி? நிபுணர்களிடையே பின்னர் கருத்து வேறுபாடும் எழுந்தது. எனினும், தாயார் தொடுத்த வழக்கில் 2013 ஜூன் மாதம் உயர்நீதிமன்ற நீதிபதி வி.தி. சிங்கம் குடும்பத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். அதன் பின் மேல்முறையீடுகளும் நடந்தன.

நண்பர்களே, ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். முதல் அறிக்கை வந்த அன்றே, "நடந்தது நடந்து விட்டது, பிள்ளையை நல்லபடியாக அனுப்பி வைப்போம்" என்று பெரியவர்கள் நான்கு பேர் சொல்லி, குடும்பமும் அதற்கு இசைந்து உடலை எரித்திருந்தால் என்னவாகியிருக்கும்? இரண்டாவது அறிக்கை பிறந்திருக்காது. நீதிமன்றத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

புதைக்கும் வழக்கமுடைய சமூகங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு ஒன்று இருக்கிறது. அதே 2009ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், ஷா ஆலாமில் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகம் இருந்த கட்டடத்தில் தியோ பெங் ஹோக் இறந்து கிடந்தார். அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டு, நவம்பர் மாதம் மீண்டும் தோண்டி எடுக்கப்பட்டு இரண்டாவது சவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டது. 2025 ஜூலையில் சபாவில் இறந்த 13 வயது பள்ளி மாணவியின் உடல் சவப் பரிசோதனை இல்லாமலேயே புதைக்கப்பட்டது. மக்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பின் ஆகஸ்டு மாதத்தில் அது தோண்டி எடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. மண்ணுக்குள் போன உடல் சில மாதங்கள் கழித்தும் பேசும். மின்சுடலையின் வெப்பமோ ஏறத்தாழ 800 முதல் 1,000 பாகை செல்சியஸ். அதற்குப் பின் திசுவும் இல்லை, மரபணுவும் இல்லை, நஞ்சு இருந்திருந்தால் பெரும்பாலும் அதன் தடமும் இல்லை. எரிக்கும் வழக்கமுடைய நாம்தான் மற்றவர்களைக் காட்டிலும் கவனமாக இருக்க வேண்டும். நடைமுறையிலோ நாம்தான் அதிகம் அவசரப்படுகிறோம்.

போலீஸ், நீதிமன்றம் என்று போகும் மரணங்களில் மட்டும்தான் இது முக்கியம் என்று நினைத்து விட வேண்டாம். எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம். பத்து பகாட்டிலிருந்து குளுவாங் செல்லும் சாலையும் ஜொகூர் பாருவிலிருந்து யோங் பெங் செல்லும் பழைய சாலையும் குறுக்கிடும் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு அங்குள்ள பீங்கான் கடைகள் தெரியும். உள்ளூர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்தச் சாலைகளில் காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களைத் தெரியும். அப்படிப் போன பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டில், வழியில் சறுக்கி விழுந்தார். கையில் சிராய்ப்பு மட்டுமே. இரண்டு நாள் தலைவலி என்றார். மூன்றாம் நாள் காலையில் எழவில்லை.

அவருக்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்ததால் மாரடைப்பாக இருக்கும் என்று வீட்டார் சொன்னார்கள். பத்திரத்திலும் அவ்வாறே பதிவானது. மறுநாள் தகனம் முடிந்தது. பின்னர், வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்துக்கான உதவித்தொகை கேட்டு அக்கா விண்ணப்பித்தார். விழுந்ததற்கும் இறந்ததற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். தலையில் அடிபட்டால் மூளையைச் சுற்றி இரத்தம் மெல்லக் கசிந்து சில நாள் கழித்தும் உயிரைப் பறிக்கலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அண்ணனுக்கு அதுதான் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மாரடைப்பாகவும் இருக்கலாம். எது என்று இனி எவராலும் சொல்ல முடியாது என்பதுதான் துயரம். இரண்டு பிள்ளைகளை வைத்துக் கொண்டு அக்கா இன்றும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார்.

நம் நாட்டில் வீட்டில் இறப்பவர்களுக்குப் போலீஸ் நிலையத்தில் அடக்க அனுமதிப் பத்திரம் பெறுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மருத்துவர் உடலைப் பார்க்காத நிலையில், குடும்பத்தார் சொன்னதே பல வேளைகளில் மரணக் காரணமாகப் பதிவானது. 'முதுமை' என்றும் 'இதய நோய்' என்றும் எழுதப்படும் அந்த இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே நிர்ணயிக்கக் கூடும். அது மட்டுமல்ல. குடும்பத்தில் இளவயதில் இதய நோயால் ஒருவர் இறந்தார் என்பது உறுதியானால், அவருடைய தம்பி தங்கைகள் தங்களைப் பரிசோதித்துக் கொள்ளலாம். சவப் பரிசோதனை செத்தவருக்காகச் செய்வது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் பயன் இருப்பவர்களுக்கே.

அப்படியிருந்தும் நம்மவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? மூன்று காரணங்களை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். முதலாவது, "உடம்பை அறுத்துக் கூறு போட்டு விடுவார்கள்" என்ற அச்சம். பரிசோதனைக்குப் பின் உடல் தைக்கப்பட்டே ஒப்படைக்கப்படுகிறது. முகம் பெரும்பாலும் பார்வைக்கு மாறாமலே இருக்கும். உடுத்திப் படுக்க வைத்தால் தையல் தெரிவதில்லை. இப்போது உடலை அறுக்காமலேயே சி.டி. ஸ்கேன் மூலம் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காணும் முறையும் வந்திருக்கிறது. ஆனால், அது எல்லாவற்றுக்கும் மாற்றாகாது. நஞ்சை அறிய இரத்தம் வேண்டும். நைந்த தசையை அறிய நுண்ணோக்கி வேண்டும்.

இரண்டாவது, பொழுது சாய்வதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம். தூரத்தில் இருக்கும் பிள்ளை வருவதற்காக ஒரு நாள் காத்திருக்கும் நம்மால் உண்மை வருவதற்காக ஒரு நாள் காத்திருக்க முடியாதா? மூன்றாவது, "எதற்கு வம்பு" என்ற மனப்பான்மை. தோட்டத்தில் தண்டல் சொன்னதற்கும் துரை சொன்னதற்கும் தலையசைத்தே பழகிய தலைமுறைகளின் எச்சம் இது என்பது என் எண்ணம். அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. ஆனால், படித்த நாமும் அதையே செய்தால் படித்ததன் பயன் என்ன?

சட்டமும் இதில் வாய் மூடிக் கிடக்கவில்லை. ஐயத்துக்குரிய மரணங்களில் போலீசார் சவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. போலீஸ் காவலில் நிகழும் மரணத்துக்கு மரண விசாரணை நடத்தப்பட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவு கூறுகிறது. மற்ற மரணங்களிலும் விசாரணை நடத்தும்படி பணிக்க அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞருக்கு அதிகாரம் உண்டு. குடும்பத்தார் அவரிடம் முறையிடலாம். நம் மக்களில் எத்தனை பேருக்கு இவை தெரியும்?

இத்துறை நமக்கு அந்நியமானதும் அன்று. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக்கூடம் 1849இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991 மே 21ஆம் நாள் ஶ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிய உடல்களையும் துணித் துண்டுகளையும் ஆராய்ந்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று கண்டறிந்தவர் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன். ஒவ்வோர் உடலிலும் எந்தப் பகுதி சிதைந்தது, எந்தப் பகுதி தப்பியது என்ற கணக்கே அவருக்கு வழி காட்டியது. நம் நாட்டிலும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும், அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகத்திலும் தடயவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. வேதியியல் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மலேசிய இரசாயன இலாகா என்ற கதவும் இருக்கிறது. மருத்துவர், வழக்கறிஞர் என்ற இரண்டு கனவுகளை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் நாம் இவ்விரண்டும் சந்திக்கும் இந்த இடத்தையும் சுட்டிக் காட்ட வேண்டும்.

அதற்கு முன்பாக, இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. துக்க வீட்டில் பதற்றத்தோடு நிற்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது ஒரு பக்கத்தில் எழுதிய எளிய தமிழ். திடீர் மரணம் என்றால் யாரிடம் புகார் செய்வது, பத்திரத்தில் எழுதும் காரணத்தைப் படித்துப் பார்த்த பிறகே ஏன் கையெழுத்திட வேண்டும், அண்மையில் அடிபட்டதை ஏன் மறக்காமல் சொல்ல வேண்டும், ஐயம் இருந்தால் தகனத்தை ஏன் தள்ளி வைக்க வேண்டும் என்ற நான்கு செய்திகள் போதும். மருத்துவ மாணவர்களும் சட்ட மாணவர்களும் சரிபார்க்க, நம் மொழிக் கழகம் அதை எழுதலாம். கோயில் நிர்வாகங்களிடமும் ஈமச்சடங்கு நடத்துவோரிடமும் கொடுத்து வைக்கலாம். நாட்டியத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் ஒதுக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும்.

தமிழ்ப்பள்ளியில் கற்ற தமிழ், மேடையில் முழங்குவதற்கு மட்டும் அன்று. கணவனைப் பறிகொடுத்து, எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் நிற்கும் ஒரு பெண்ணின் கையில் அது ஒரு தாளாகப் போய்ச் சேரட்டும். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஆளுக்குப் பத்துத் தாள் எடுத்துப் போவோம்.