கேளாமல் எழுதிய உடன்படிக்கைகள்

1954 ஏப்ரல் 29ஆம் நாள் பீகிங் நகரில் இந்தியாவும் சீனமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பஞ்சசீலம் என்னும் ஐந்து கொள்கைகளை உலகுக்கு அறிவித்த ஆவணம் என்று அது போற்றப்பட்டது. அதன் தலைப்பிலேயே ‘சீனத்தின் திபெத்துப் பகுதி’ என்னும் தொடர் இடம்பெற்றிருந்தது. யாதுங்கிலும் கியாந்திசேயிலும் இருந்த இந்தியக் காவற்படையினர் திரும்பினர். அஞ்சல், தந்தி நிலையங்கள் சீன அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆயிரமாண்டுகளுக்கு மேலாகத் தமக்கென மொழியும் எழுத்தும் பேணிவந்த ஒரு மக்களின் நாடு யாருடையது என்று இரு பெரிய அரசுகள் எழுதி முடித்தன. அம்மக்களின் இசைவை எவரும் கேட்கவில்லை. பஞ்சசீலக் கொள்கை பாவத்தில் பிறந்தது என்று ஆச்சாரிய கிருபளானி நாடாளுமன்றத்தில் சாடினார்.

பத்தாண்டு கழிந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் தில்லியில் இந்தியாவும் இலங்கையும் வேறோர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று கணக்கு எழுதப்பட்டது. தேயிலைக் காட்டில் பிறந்து, அங்கேயே மூதாதையரைப் புதைத்தவர்களிடம் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்டு வகுத்த கணக்கன்று அது. அன்றைய தலைமையமைச்சர் லால் பகதூர் சாத்திரியார் நேர்மையில் குறையுடையவர் அல்லர். 1954இன் தலைமையமைச்சர் சவகர்லால் நேருவும் கொடியவர் அல்லர். நல்லோர் கையாலும் இவ்வாறு நேர்கிறது என்பதே நம்மைக் கலங்கச் செய்கிறது.

திபெத்தியரின் தன்னாட்சி உரிமை பற்றிய வழக்கைக் கொற்கைக் கடற்கரையிலிருந்து பேசுவானேன் என்று கேட்போர் இருக்கலாம். பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை இன்று கடலை விட்டு விலகி உள்நாட்டில் ஒரு சிற்றூராகக் கிடக்கிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் துறை தூர்ந்தது. வாணிகம் காயலுக்கும் பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. ஆயின் இக்கரையின் முத்து வரலாறு முழுவதும், உழைத்தவனைக் கேளாமல் பிறர் எழுதிய பங்கீட்டின் வரலாறே ஆகும். இங்கே முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்செலவு நூலான பெரிப்ளூசு குறிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பரதவர் போர்த்துகீசரிடம் காப்புத் தேடினர். அதற்கு அவர்கள் கொடுத்த விலையில் முத்தும் அடங்கியது, வழிபாடும் அடங்கியது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைக்கொண்டபின் மதுரை நாயக்கரும் சேதுபதியும், பிற்காலத்தில் ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் முத்துச் சலாபத்தில் தத்தம் உரிமைக்கு வாதாடினர். இத்தனை கல் எனக்கு, இத்தனை கல் உனக்கு என்று பங்கு வகுத்தனர். ஒரு கல் என்பது, கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து மூச்சடக்கி முத்துப்பாரின் அடிவரை இறங்கும் ஒரு மனிதன். அரசுகள் தமக்குள் எழுதிக்கொண்ட ஏடுகளில் அவன் வெறும் எண்ணாக நின்றான்.

இதே தூத்துக்குடித் துறையிலிருந்துதான் தென்பாண்டி நாட்டு ஏழையர் பலர் கொழும்புக்குக் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களை அடைந்தனர். 1964இன் கணக்கில் எண்ணாக மாறியவர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உண்டு. ஆகவே திபெத்து நமக்குத் தொலைவான செய்தி அன்று.

சீன அரசு தன் ஆட்சிக்கு அடிப்படையாகக் காட்டும் பதினேழு கூறு உடன்படிக்கை 1951 மே 23ஆம் நாள் பீகிங்கில் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே சீனப் படை திபெத்தின் சாம்தோவைக் கைப்பற்றிவிட்டது. படை நாட்டிற்குள் நிற்க, திபெத்தியத் தூதுவர்கள் பகைவர் தலைநகரில் அமர்ந்து ஒப்பமிட்டதை இசைவு என்று நம்மால் ஏற்க இயலவில்லை. 1959 மார்ச்சு 10ஆம் நாள் லாசா மக்கள் எழுந்தனர். எழுச்சி குருதியில் ஒடுக்கப்பட்டது. அம்மாத இறுதியில் தலாய் லாமா இந்திய மண்ணை அடைந்தார். ஐக்கிய நாடுகள் பொது அவை 1959, 1961, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தீர்மானம் இயற்றியது. 1961ஆம் ஆண்டுத் தீர்மானம் திபெத்தியரின் தன்னுரிமையை வெளிப்படையாகவே குறித்தது. 1959இல் வாக்களியாது ஒதுங்கிய இந்தியா, 1962இன் போருக்குப் பின்னர், 1965இல் ஆதரித்து வாக்களித்தது. உரிமையின் நியாயம் அந்த ஆறாண்டில் மாறவில்லை. அண்டை நாட்டோடு நமக்கிருந்த உறவே மாறியிருந்தது.

சீனத்தின் எதிர்வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய திபெத்தில் மடங்களும் உயர்குடியினரும் நிலத்தை ஆண்டனர். உழவர் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தனர். அந்தக் கொடுமை மெய். நாங்கள் அதை ஒழித்தோம், பள்ளியும் மருத்துவமனையும் கட்டினோம், 2006இல் லாசாவுக்கு இருப்புப்பாதை அமைத்தோம் என்கிறது பீகிங். இந்த வாதத்தைத் தூத்துக்குடி முன்பே கேட்டிருக்கிறது. ஆங்கிலேயரும் இவ்வூருக்கு இருப்புப்பாதை கொணர்ந்தனர், ஆலை நிறுவினர், கப்பல் விட்டனர். ஆயினும் 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் குழுமத்தைத் தொடங்கினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அவரைச் சிறையிட்டதும் மார்ச்சு 13ஆம் நாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவருக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. சாலையும் பாலமும் தந்தவன் ஆளும் உரிமையையும் பெற்றுவிடுகிறான் என்றால் சிதம்பரனார் செக்கிழுத்தது வீண் என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஒப்பமாட்டோம்.

இன்று திபெத்தியர் கேட்பது தனி நாடு அன்று. 1988இல் இசுட்ராசுபர்க்கில் தலாய் லாமா வெளியிட்ட முன்மொழிவு முதல் அவர்களுடைய தலைமை நடுவழியையே நாடிவருகிறது. 2008இல் சீன அரசிடம் அளித்த குறிப்பாவணம், சீனத்தின் அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்ட மெய்யான தன்னாட்சியைக் கோரியது: மொழி, சமயம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றில் தம் முடிவைத் தாமே எடுக்கும் உரிமை. 2002இல் தொடங்கிய பேச்சு 2010இல் நின்றது. அதன்பின் முறையான சந்திப்பு மீண்டும் தொடரவில்லை. 2009 முதல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட திபெத்தியர் தம் உடலுக்குத் தாமே தீ வைத்துக்கொண்டனர். தமிழர்க்கு அத்தீயின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகளின் நிலையே நம்மை மிகுதியும் வருத்துகிறது. 1995 மே மாதம் பஞ்சன் லாமாவின் மறுபிறப்பு என்று தலாய் லாமா அறிவித்த ஆறு வயதுச் சிறுவன் மூன்றே நாளில் குடும்பத்தோடு கொண்டு செல்லப்பட்டான். அதன்பின் உலகம் அவனைக் காணவில்லை. 2023 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள், ஏறத்தாழப் பத்து இலட்சம் திபெத்தியச் சிறார் அரசு உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருப்பதாகவும், அங்கே சீனமொழியே பயிற்றுமொழி என்றும் கவலை தெரிவித்தனர். தாயின் மொழியில் தாயோடு பேச இயலாத பிள்ளையை உருவாக்கிவிட்டால் அடுத்த தலைமுறையில் உரிமை கேட்க ஆளிருக்காது. படையெடுப்பைவிட இதையே நாம் அஞ்சுகிறோம். அடுத்த தலாய் லாமாவைத் தெரிவு செய்வதும் அரசின் பணியே என்று சீனம் 2007இலேயே விதி வகுத்தது. அவ்வுரிமை தம் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு என்று 2025 சூலை 2ஆம் நாள், தொண்ணூறாம் பிறந்தநாளுக்கு முன்னர், தலாய் லாமா அறிவித்தார்.

இந்தியாவின் பங்கில் பெருமைக்குரியது உண்டு. கருநாடகத்தின் பைலகுப்பேயில் காட்டு நிலம் தந்து திபெத்திய ஏதிலியரைக் குடியமர்த்தியது இந்நாடு. பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் திறந்தது. தருமசாலாவில் அவர்கள் தேர்தல் நடத்தித் தம் நிருவாகத்தைத் தாமே அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அதே இந்தியா, கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் பல்லாயிரவரை நாற்பது ஆண்டுகளாக முகாம்களில் வைத்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. திபெத்தியருக்குக் கிடைத்தது மிகை என்று நாம் சொல்லவில்லை. அந்த அளவுகோல் நம்மவர்க்கும் வேண்டும் என்கிறோம். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவ்விரு ஏதிலியரையும் சேர்த்தே புறத்தில் நிறுத்தியது.

தமிழராகிய நம்மிடமும் ஒரு குறை உண்டு. ஈழத்தமிழரிடையே பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று 2013 மார்ச்சில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 1987இன் இந்திய இலங்கை உடன்படிக்கையில் பிறந்த மாகாண சபைகள் தேர்தலின்றிக் காலாவதியானபோது கண்டித்தோம். 2014இலும் 2021இலும் மனித உரிமைப் பேரவையில் இந்தியா இலங்கை குறித்த தீர்மானங்களுக்கு வாக்களியாது ஒதுங்கியபோது வெகுண்டோம். ஆனால் அப்பேரவையில் 2009 முதல் கொழும்புக்கு உறுதுணையாக நின்ற சீனத்தின் ஆட்சியில் திபெத்தியர் படும் துன்பத்தைப் பற்றி நம் மேடைகள் பேசுவது அரிது. அன்று மூதறிஞர் இராசாசி, திபெத்தில் நிகழ்வது குடியேற்ற ஆதிக்கமே என்று அஞ்சாமல் கண்டித்தார். அந்தக் குரல் இன்று எந்தக் கட்சியிடம் இருக்கிறது?

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் உறுப்பு, எல்லா மக்களினங்களுக்கும் தன்னுரிமை உண்டு என்கிறது. 1979இல் அதை ஏற்ற இந்தியா, அவ்வுரிமை அயல் ஆதிக்கத்தில் உள்ள மக்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், இறையாண்மையுள்ள நாடுகளுக்கோ ஒரு நாட்டு மக்களின் ஒரு பகுதியினர்க்கோ பொருந்தாது என்றும் தனி விளக்கம் எழுதி இணைத்தது. காசுமீரமும் வடகிழக்கும் அவ்விளக்கத்துக்குப் பின்னால் இருந்த அச்சம் என்பதை அறிவோம். ஆனால் தன்னுரிமை என்றாலே பிரிவினை என்று கொள்வதும் பிழை. தம் பள்ளி, தம் மொழி, தம் மன்றம் ஆகியவற்றை ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே ஒரு மக்கள் ஆளலாம் என்பதை மொழிவழி மாநிலங்கள் அமைத்த இந்தியாவே மெய்ப்பித்தது. அந்த நாடு, மெய்யான தன்னாட்சி கேட்கும் திபெத்தியரிடமும் ஈழத்தமிழரிடமும் இந்த விளக்கத்தைக் காட்டி வாய்மூடி நிற்பது தகாது.

எனவே இந்திய அரசு மூன்று செயல்களை உடனே மேற்கொள்ள வேண்டும். பீகிங் அமர்த்தும் எந்தத் தலாய் லாமாவையும் ஏற்கோம் என்று இப்போதே அறிவிக்க வேண்டும். எல்லைப் பேச்சில் திபெத்தைப் பேரப்பொருளாக வைப்பதை நிறுத்தி, தருமசாலாவோடு பேச்சைத் தொடங்குமாறு சீனத்தை வெளிப்படையாக வலியுறுத்த வேண்டும். 1979இன் விளக்கத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான தீர்மானத்தை நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே தமிழ்நாட்டு உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, முன்மொழிய வேண்டும்.