விற்றவர் சிங்கப்பூரில், வாங்கியவர் குளுவாங்கில்: பெயர் மாறாத வண்டிக்கு யார் பொறுப்பு?

ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு என்று மாறியது. 2014 தொடங்கி 11 ஆண்டுகள் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள அரசு அலுவலகங்களுக்கு வேலை நாள். சிங்கப்பூரில் வேலை செய்து ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கும் நம்மவர்களுக்கு அது பெரிய வசதி. பாலத்தைத் தாண்டி வந்து, அன்றே அலுவலக வேலைகளை முடித்துக்கொண்டு திரும்ப முடிந்தது.

இப்போது குடும்பத்தோடு ஞாயிறைக் கழிக்க முடிகிறது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஒத்து வருகிறது. அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால், அலுவலக முகப்பிடத்துக்கு நேரில் போக வேண்டிய காரியங்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து செய்ய வேண்டியவையாகிவிட்டன. அவற்றில் முக்கியமானது, பழைய வாகனத்தை விற்ற பிறகு பெயர் மாற்றுவது.

"அண்ணே, காசக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்குங்க. லீவு கிடைச்சதும் வந்து பேர் மாத்திக் குடுத்துடறேன்." இந்தப் பேச்சைக் கேட்காத தோட்டமோ தாமானோ ஜொகூரில் இருக்காது. தெரிந்தவர், உறவுக்காரர், ஒரே கோயிலுக்கு வருபவர் என்ற நம்பிக்கையில் பணம் கைமாறிவிடுகிறது. பெயர் மட்டும் மாறுவதில்லை. மாதங்கள் ஓடி, ஆண்டும் ஓடிவிடுகிறது. பிறகு விற்றவரின் கைப்பேசி எண்ணும் மாறிவிடுகிறது.

சட்டம் கொடுப்பது 7 நாள்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. வாகனம் கைமாறிய 7 நாட்களுக்குள், பதிவில் உள்ள உரிமையாளர் அதை ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய உரிமையாளரும் அதே 7 நாட்களுக்குள் தம் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல் பெயர் மாறாமல் அந்த வண்டியை ஓட்டக்கூடாது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

முன்பெல்லாம் விற்பவர் கையெழுத்திட்ட பாரம் இருந்தால் போதும் என்ற நிலை இருந்தது. அந்தப் பாரம் பல கைகள் மாறும். கள்ளக் கையெழுத்திலும் வண்டிகள் போயின. அதைத் தடுக்கவே மைகாட் அட்டையோடு பெருவிரல் ரேகையைச் சரிபார்க்கும் முறை வந்தது. விற்பவரும் வாங்குபவரும் ரேகை வைத்தாக வேண்டும். ஆகவே சாவி, கிராண்ட், விற்றவரின் அடையாளக் கார்டு நகல் ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருந்தாலும், அவருடைய விரல் இல்லாமல் பெயர் மாறாது. இது தொல்லையாகத் தெரியலாம். ஆனால் நம் வண்டியை நமக்குத் தெரியாமல் வேறொருவர் விற்றுவிடாமல் காப்பதும் இதே விதிதான்.

விற்பவர் வர முடியாவிட்டால்?

விற்பவர் ஏன் வரவில்லை என்பதைப் பொறுத்தே வழி இருக்கிறது.

வேலை காரணமாக வர முடியாதவர் என்றால் சிக்கல் பெரிதல்ல. இருவரும் ஒரே நேரத்தில் முகப்பிடத்தில் நிற்க வேண்டும் என்பதில்லை. முதலில் விற்பவர் ரேகை வைத்துவிட்டால், குறித்த நாட்களுக்குள் வாங்குபவர் தம் பங்கை முடிக்கலாம். இரு தரப்பும் தனிநபர்களாக இருந்து, வண்டிக்கு வங்கிக் கடன் இல்லையென்றால், ஜேபிஜேயின் மைசிக்காப் தளத்தில் இணையம் வழியாகவே பெயர் மாற்றும் வசதியும் உண்டு. காருக்கு அதற்கு முன்பே பி5 பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் ஜேபிஜே பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கே பார்ப்பார்கள். இந்தப் பரிசோதனைக்கு விற்பவரின் விரல் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது வாங்குபவருக்கு நல்லது.

வங்கிக் கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் கதையே வேறு. "சம்புங் பாயார்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஏற்பாடு இது. முன்பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்து, மாதத் தவணையை வாங்கியவர் கட்டுவார். கடன் தீரும்வரை அந்த வண்டியின் சொந்தக்காரர் வங்கிதான். வங்கிக்குத் தெரியாமல் அதை விற்பது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றமாகலாம். நீங்கள் ஒழுங்காகத் தவணை கொடுத்தாலும், அதை வாங்கிக்கொண்டவர் வங்கியில் கட்டாவிட்டால் ஒருநாள் வண்டியை இழுத்துச் சென்றுவிடுவார்கள். நியாயம் கேட்க உங்கள் பெயரில் ஒரு காகிதமும் இருக்காது. அப்படிப்பட்ட வண்டிதான் வேண்டும் என்றால், பாக்கித் தொகை எவ்வளவு என்ற கடிதத்தை வங்கியிடமிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகையை நேராக வங்கிக்கே கட்டுங்கள். வங்கி தன் உரிமையை விடுவித்த பிறகு மிச்சத்தை விற்பவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது, உரிமையாளர் இறந்துபோன வண்டி. அப்பா பெயரில் வீட்டு முன்னால் நிற்கும் காரை மகன் விற்கிறார். அவர் மகனாக இருந்தாலும், சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் கையில் வரும்வரை அவரால் அதை மாற்றித் தர முடியாது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து நிலம், வீடு எதுவும் இல்லாமல் 6 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத அசையும் சொத்து மட்டும் என்றால், அமானா ராயாவில் விண்ணப்பிக்கலாம். நிலமும் இருந்தால் மாவட்ட நில அலுவலகமோ உயர் நீதிமன்றமோ போக வேண்டிவரும். அந்த உத்தரவு வரும்வரை வாங்குபவர் பணத்தைக் கையிலேயே வைத்திருப்பதுதான் முறை.

விற்றவருக்கும் நிம்மதியில்லை

பெயர் மாறாவிட்டால் வாங்கியவருக்குத்தான் கவலை என்று விற்றவர் நினைத்தால் அது தவறு. வேகக் கேமரா பிடிக்கும் சம்மன் பதிவில் உள்ள உரிமையாளருக்கே போகும். அந்த வண்டி ஆளை இடித்துவிட்டு ஓடினாலோ, திருட்டுக்குப் பயன்பட்டாலோ போலீஸ் முதலில் தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான். நான் விற்றுவிட்டேன் என்று சொன்னால் ஆதாரம் எங்கே என்ற கேள்வி வரும்.

வாங்கியவருக்கோ ஒவ்வொரு ஆண்டும் தொல்லை. 2023 பிப்ரவரி 10 முதல் சாலை வரி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டியதில்லை. மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். ஆனால் அது உரிமையாளரின் கணக்கில்தான் தோன்றும். காப்புறுதி வேறொருவர் பெயரில் இருப்பதால், விபத்து நடந்தால் இழப்பீடு கேட்பதிலும் இழுபறிதான். 2024 ஜூனில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்தபோது, தகுதி பெற்ற தனிநபர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. டீசல் வண்டி தம் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. வருடக்கணக்கில் ஓட்டிய பிக்கப் என்றாலும், பெயர் மாற்றாதவருக்கு அந்தப் பணம் இல்லை. அரசு உதவிகள் பதிவேட்டைப் பார்த்தே தரப்படும் காலத்தில், பெயர் மாற்றாமல் விடுவது நேரடி நஷ்டம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது. ஆனால் வியாபாரிக்கு எதிராகத்தான் அங்கே போக முடியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய வண்டிக்கு அது உதவாது. தனியாரிடம் வாங்கியவர்களுக்கு நீதிமன்றம்தான் வழி. விற்றவர் கிடைக்காத நிலையில் ஜேபிஜேயை அசைக்கக்கூடியது நீதிமன்ற உத்தரவு. அதற்கு வங்கி வழி அனுப்பிய பணத்தின் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, இருவரும் கையெழுத்திட்ட கடிதம், இதுவரை கட்டிய சாலை வரி, காப்புறுதி ரசீதுகள் எல்லாம் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து வாய்ப்பேச்சில் முடித்தவரின் நிலைதான் பரிதாபம்.

அரசுத் தரப்பிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. வார விடுமுறை மாறியபின், சிங்கப்பூரில் உழைப்பவர்களுக்காக ஜொகூர்பாருவில் மாதம் ஒரு ஞாயிறாவது பெயர் மாற்ற முகப்பிடம் திறக்கலாம். லாயாங் லாயாங், ரெங்கம், லாபிஸ் போன்ற இடங்களில் உள்ள தோட்டங்களுக்கு நடமாடும் முகப்பிடம் வந்தால், பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் பெயர்ச் சிக்கல் தீரும். நம் சட்டமன்ற உறுப்பினர்களும் தோட்டத் தொழிற்சங்கமும் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். முன்பணம் கொஞ்சம் கொடுங்கள், அதையும் வங்கி வழியே கொடுங்கள். முழுப் பணத்தை விற்பவரின் ரேகை பதிவான அன்று கொடுங்கள். நல்ல மனிதராக இருந்தால் இதைக் கேட்டதற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சம்மன் தம் வீட்டுக்கு வராமல் இருப்பது அவருக்கும் நல்லதுதானே.