எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதுமா?

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு, நான்கு சில்லும் இழுக்கும் ஒரு ஜீப் பெரிய துணை. சேற்றுப் பாதையில் விதைநெல்லும் உரமும் மட்டுமல்ல, நோயாளரும் கர்ப்பிணித் தாய்மாரும் அதிலேயே போகின்றனர். ஆயினும் அதன் அச்சில் எண்ணெய் கசிந்தால் நாம் செய்வது ஒன்றே: ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டு ஓடுவது. இது திருத்தமல்ல, செலவைத் தள்ளிப்போடுவது என்பதே எமது கருத்து.

கசிவினால் இரண்டு தீமைகள் உண்டு. எண்ணெய் வற்றினால் அச்சின் நடுவிலுள்ள பற்சில்லுகள் ஒன்றையொன்று தின்னும். சில்லுப் பக்கமாகக் கசிந்த எண்ணெய் பிறேக் சூவை நனைத்தால், குளக்கட்டு இறக்கத்தில் வண்டி நிற்காது. முன்னதில் பணம் போகும். பின்னதில் உயிர் போகும். எண்ணெயில் ஊறிய சூவைத் துடைத்துவிட்டு மீண்டும் பூட்டக் கூடாது. அதே அச்சின் இருபக்கமும் மாற்ற வேண்டும்.

“புது ஒயில் சீல் போட்டும் கசிகிறதே” என்று மெக்கானிக்கைக் குறைகூறுவோர் எம்மிடையே பலர். சீல் ஏன் கெட்டது என்று யாரும் கேட்பதில்லை. அச்சின் மேற்புறத்தில் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் உண்டு. அது சேற்றால் அடைபட்டால், ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். பெயரிங் தேய்ந்து சில்லு ஆடினாலும், சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்தாலும், அளவுத் துவாரத்துக்கு மேல் எண்ணெய் நிரப்பினாலும் புதுச் சீலும் கசியும். லாண்ட் ரோவர் போன்றவற்றின் முன் அச்சில், சில்லு திரும்பும் இடத்து உருண்டை துருப்பிடித்துக் குழி விழுந்தாலும் அவ்வாறே.

இவற்றில் பாதிக்குப் பணம் தேவையில்லை. துவாரத்தைத் துப்புரவாக்கவும், உருண்டையில் ஒட்டிய சேற்றைக் கழுவவும் ஒரு வாளி தண்ணீரும் பழந்துணியும் போதும். வெள்ளத்தைக் கடந்து வந்தால் அச்சு எண்ணெயைச் சற்று வடித்துப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. முழுவதையும் மாற்றியே ஆகவேண்டும். வடித்த எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் எவரும் படுக்கவும் வேண்டாம். உறுதியான மரக்குற்றியை முட்டுக் கொடுத்த பின்னரே வேலை தொடங்கட்டும்.

சங்கத்து வண்டி எல்லோருக்கும் சொந்தம் என்பதால் எவரும் அதன் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. பெரும்போக மழை தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் இளைஞர் இருவரை இப்பொறுப்புக்குத் தெரிவுசெய்து, நல்லதொரு மெக்கானிக்கிடம் சில நாட்கள் பழகவிட வேண்டும். வாடகைப் பணத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென ஒதுக்கவும் வேண்டும். வண்டி தருவோர் சிலவேளை வருவர். அதைக் காப்பவர் நாமாகவே இருக்க வேண்டும்.