பருவம் முடிந்த கடலும் பாடம் படியாத கரையும்

மலைநாட்டில் வாழும் நமக்குக் கடல் ஒரு தூரத்து உறவினன். ஆண்டில் ஒருமுறை கண்டு வருவோம். கண்டதைப் பத்து மாதம் பேசித் திரிவோம். ஆயினும் மடவளையில் இருப்போர்க்கும் திருகோணமலைக் கடலுக்கும் இடையே அறுபடாத ஒரு தொடர்பு உண்டு. நம் அண்டையில் பொல்கொல்லை அணையைத் தொட்டுச் செல்லும் மகாவலி கங்கை, தன் 335 கிலோமீற்றர் நெடும் பயணத்தை முடித்துக் கடலிற் கலப்பது கொட்டியாரக் குடாவிலேதான். நம் வயலில் வடியும் நீர் அங்கே உப்பாகிறது.

அந்த ஆற்றின் வழியே மனம் செல்ல, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வீதி வழியே உடல் செல்ல, சென்ற புரட்டாதிக் கடைசியில் நண்பர்கள் எண்மர் திருகோணமலைக்குச் சென்றோம். ஆசிரியர் இருவர், வைத்தியர் ஒருவர், கணக்காளர் ஒருவர், மிளகும் கராம்பும் பயிரிடும் விவசாயிகள் மூவர், இக்கட்டுரையாளர் ஒருவர். நிலாவெளிக் கரையில் இயந்திரப் படகொன்றை அமர்த்தி, உப்புவெளியைக் கடந்து, சுவாமி மலையைக் கடலிலிருந்து கண்டு திரும்புவது எமது திட்டம். உல்லாசப் பயணம்தான். உல்லாசத்தை எழுதுவதற்கு இவ்வேட்டின் பக்கங்கள் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்தப் பயணத்தில் நாம் கண்டது உல்லாசம் மட்டுமன்று என்பதே விடை.

கிழக்குக் கரைக்கு ஒரு பருவம் உண்டு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோரக் கடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி நெருங்க நெருங்கக் காற்றுத் தன் மனத்தை மாற்றிக் கொள்கிறது. காலையில் கண்ணாடி, மாலையில் இடியும் மின்னலும் திடீர்ச் சுழற்காற்றும். அதன்பின் வாடை வந்துவிட்டால் வள்ளங்கள் கரையேறிக் கவிழ்ந்து படுத்துவிடும். நாம் சென்றது இந்த இரண்டுக்கும் நடுவே, பருவத்தின் வாலில்.

அந்த வாலுக்கும் ஓர் அழகு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. கூட்டம் இல்லை. வெயில் சுடவில்லை, நீர் மட்டும் சூட்டை இழக்காமல் இதமாக இருந்தது. கரையோரத் தென்னைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பின்வாங்க, கரைவலை இழுப்போரின் குரல் காற்றில் மிதந்து வந்தது. சுவாமி மலையின் செங்குத்தான பாறை கடலிலிருந்து எழுந்து நின்ற காட்சி எம் விவசாய நண்பர்களையே வாய்மூட வைத்தது.

பேரம் பேசியவர் யார்?

படகு எட்டுப் பேருக்கு உரியது என்று படகோட்டித் தம்பி முதலிலேயே சொன்னான். கரையில் எம்மைப் போலவே வந்து நின்ற மூவர், தாமும் சேர்ந்தால் செலவு குறையுமே என்றனர். எமக்கும் அது நியாயமாகப்பட்டது. எட்டைப் பதினொன்றாக்கித் தலைக்கு விழும் பணத்தைக் குறைத்தவர்கள் நாமே. கணக்காளர் நண்பர் மணலிலே விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். எத்தனை கிலோ கூடுகிறது என்று எவரும் கணக்குப் போடவில்லை. தம்பி சற்றுத் தயங்கினான், பிறகு இணங்கினான்.

உயிர்காப்பு அங்கிகள் நான்கு இருந்தன. அவையும் கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் அடியில் ஈரமாய்க் கிடந்தன. எவரும் கேட்கவில்லை, எவரும் அணியவில்லை. வைத்தியரும் அணியவில்லை.

சுவாமி மலைக்கு நேரே வந்ததும், படம் பிடிக்கும் ஆவலில் ஐவர் ஒருசேர எழுந்து ஒரு பக்கம் நின்றனர். படகின் விளிம்பு நீரைத் தொட்டது. தம்பி அதட்டி உட்கார வைத்தான். சில நிமிடங்களில் இயந்திரம் இருமுறை இருமி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தான், மீண்டும் இழுத்தான்; அது பேசவில்லை. தெற்கே வானம் கறுத்து வந்தது. அலை எம்மை மெல்ல மெல்லப் பாறையை நோக்கித் தள்ளியது. எவர் முகத்திலும் இரத்தமில்லை. நான்கு அங்கிகளையும் பதினொருவர் பார்த்துக் கொண்டிருந்த அந்தக் கால்மணி நேரத்தை நாம் மறக்கப் போவதில்லை. ஆசிரியர் ஒருவர் தம் கையிலிருந்த அங்கியை, நீந்தத் தெரியாத விவசாயி ஒருவரிடம் ஒன்றும் பேசாமல் நீட்டினார்.

மீன் பிடித்துத் திரும்பிய வள்ளக்காரர் ஒருவர் கயிறு வீசி எம்மை இழுத்து வந்து கரை சேர்த்தார். கூலி கேட்கவில்லை, கொடுத்தபோதும் வாங்கவில்லை.

கரையேறிய பின் தம்பியைக் கடிந்து கொண்டோம். அவன் தலைகுனிந்து சொன்னான்: "ஐயா, இன்னும் இரண்டு கிழமைதான் ஓட்டம். பிறகு சித்திரை வரைக்கும் இவளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேணும். எஞ்சின் திருத்த எடுத்து வைத்த காசு கடனுக்குப் போய்விட்டது." அதற்கு மேல் எமக்கு வார்த்தை எழவில்லை. அவன் பிழை செய்தான், மெய்தான். அந்தப் பிழைக்கு விலை பேசி வாங்கியவர்கள் நாம் அல்லவா?

கடல் சொன்ன பாடங்கள்

எமக்கு நேர்ந்தது ஒரு கால்மணி நேர அச்சம் மட்டுமே. பிறர்க்கு நேர்ந்ததை நினைவிற் கொள்வோம்.

கேரளத்துத் தேக்கடி ஏரியில் 2009 செப்டெம்பர் 30 ஆம் நாள் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் மேய்ந்த விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கம் சாய்ந்தமையும் ஒரு காரணமாய்ப் பேசப்பட்டது. தமிழ்நாட்டுப் பழவேற்காட்டில் 2011 டிசெம்பர் 25 ஆம் நாள், விடுமுறையைக் கழிக்கச் சென்றோரின் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. மீண்டும் கேரளத்தில், தானூரில், 2023 மே 7 ஆம் நாள் பொழுது சாய்ந்த பின் அளவுக்கு மிஞ்சிய ஆட்களோடு ஓடிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறுவர். மீன்பிடிப் படகாய்ப் பிறந்து உல்லாசப் படகாய் உருமாற்றப்பட்ட ஒன்று அது.

ஊர் வேறு, ஆண்டு வேறு, கதை ஒன்றே. ஆள் மிகுதி, அங்கி குறைவு, கேட்பார் இல்லை. படகின் நிலை எளிய நியதியில் தங்கியுள்ளது. பாரம் தாழ்ந்தும் நடுவிலும் இருக்கும்வரை அது நிமிரும். பாரம் எழுந்து நின்று ஒரு பக்கம் சாய்ந்தால் அது கவிழும். வண்டியில் வைக்கோல் ஏற்றும் விவசாயிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. வண்டியில் அறிந்ததைப் படகில் ஏன் மறந்தோம்?

நிற்க. இவையெல்லாம் பொழுதுபோக்கச் சென்றோரின் துயரங்கள். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் நீரைக் கடப்போர் இருக்கின்றனரே, அவர்கள் கதை என்ன?

நாம் உல்லாசமாய் உலாவிய அதே திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிக் களப்பில் 2021 நவம்பர் 23 ஆம் நாள் காலை ஓர் இழுவைப் படகு கவிழ்ந்தது. பழைய பாலம் இருந்த இடத்தில் புதுப்பாலம் கட்டத் தொடங்கியிருந்தனர். கட்டி முடியும்வரை மக்கள் கடக்க ஒழுங்கான வழி ஒன்றும் இருக்கவில்லை. ஒட்டிக் கட்டிய மிதவை ஒன்றே வழியாயிற்று. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் ஏறினர். பிள்ளைகளும் பெரியோருமாய் ஆறு பேர் அன்றே மாண்டனர். பதினொருவரும் படம் பிடிக்கப் படகேறினோம். அப்பிள்ளைகளோ பாடம் படிக்கப் படகேறினர். எமக்கு ஒரு வள்ளக்காரர் வந்தார். அவர்களுக்கு எவர் வந்தார்?

அந்தப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். நவம்பர், வாடை தொடங்கிய காலம். உல்லாசப் படகுகள் ஓய்ந்து கிடக்கும் நாட்களில்தான் ஏழையின் படகு ஓடியே தீர வேண்டியிருக்கிறது. உல்லாசத்துக்குப் பருவம் உண்டு. தேவைக்குப் பருவம் இல்லை.

மலையிலிருந்து ஒரு குரல்

மலைநாட்டவர்க்குக் கடலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் நகைக்கக் கூடும். அவர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அழுகிய மரக்கலங்களில் அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றி, காப்புறுதிப் பணத்தின் துணிவில் மாலுமிகளைச் சாகவிட்ட முதலாளிகள் இருந்தனர். அக்கலங்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே மக்கள் அழைத்தனர். அதனை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் போர்க்குரல் எழுப்பியவர் சாமுவேல் பிளிம்சோல். அவர் கப்பலோட்டியல்லர், நிலக்கரி வணிகர். அவர் தொகுதியாகிய டார்பி கடலில்லாத உள்நாட்டு நகரம். ஆயினும் 1876 இல் கப்பலின் பக்கத்தில் பாரக்குறி இடுவது சட்டமாயிற்று. அக்குறியை எங்கே இடுவதென்பது முதலில் முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டது. பின்னரே அதன் இடமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. இன்று உலகக் கடலெங்கும் ஓடும் சரக்குக் கப்பல்களின் உடலில் அவர் பெயரால் வழங்கும் கோடு இருக்கிறது. உள்நாட்டு நகரத்தின் பிரதிநிதி ஒருவர் உலகக் கடலுக்கே கோடிட்டாரென்றால், மகாவலியின் தலைமாட்டில் இருப்போர் அதன் கால்மாட்டைப் பற்றிப் பேசுவதில் என்ன குற்றம்?

நீர் கொடுப்பதையும் எடுப்பதையும் நாமும் அறிவோம். 1985 இல் விக்டோரியா அணை எழுந்தபோது தும்பறைப் பள்ளத்தாக்கின் நிலங்களும் பழைய தெல்தெனிய நகரும் நீருக்குள் போயின. நாட்டுக்கு ஒளி வந்தது. நம் அயலார் பலர்க்கு வீடு போயிற்று. நலன் ஒருவர்க்கும் நட்டம் மற்றொருவர்க்கும் ஆகும்போது நடுவே நின்று நியாயம் கேட்கப் பழகியவர்கள் நாம்.

ஆகவே அரசினரையும் உள்ளூராட்சி மன்றத்தாரையும் நாம் கேட்பன இவை. ஆளேற்றும் ஒவ்வொரு படகின் பக்கத்திலும் அது எத்தனை பேருக்குரியது என்பதை மும்மொழியிலும் பெரிய எழுத்தில் தீட்டச் செய்க. அங்கி அணியாத ஒருவரோடும் எந்தப் படகும் கரையை விட்டு நகராதிருக்கச் செய்க. பருவம் முடியும் வாரங்களில், காற்று மாறும் பிற்பகல்களில், ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் கரையிலேயே நிற்கும் ஒருவரிடம் இருக்கட்டும். தலைநகரத்துக் கோப்பிலே வேண்டாம்.

அத்தோடு நின்றால் அது அநீதியாகும். ஓட்டத்தை நிறுத்தினால் படகோட்டியின் அடுப்பும் நின்றுவிடும். பயிர் பொய்த்த காலத்தில் விவசாயிக்கு நிவாரணம் கேட்கும் நாம், கடல் மூடிய காலத்தில் படகோட்டிக்கு அதை மறுக்கலாமா? இயந்திரம் திருத்துவதற்கு எளிய வட்டியில் கடனும், ஓய்ந்த மாதங்களுக்குக் கூட்டுறவுச் சங்க வழியாய் ஒரு சேமிப்பும் அமைந்தால், பதினொருவரை ஏற்றும் கட்டாயம் அவனுக்கு ஏன் வரும்? பசித்தவனைச் சட்டத்தால் மட்டும் தடுத்தவர் எவருமிலர்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, பாலம் கட்டுவோர் பழைய வழியை அடைக்குமுன் புதிய வழியைத் திறக்கட்டும். பாலம் முடியும்வரை பாதுகாப்பான படகு ஒன்றை நிறுத்துவது பாலத்தின் செலவிலே ஒரு சிறு பகுதியாகத்தான் இருக்கும். அதை மிச்சம் பிடித்தால் விலை கொடுப்பது பாடசாலைப் பிள்ளைகள்.

வாசக அன்பர்களுக்கும் ஒரு சொல். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துமேட்டு வழக்கு. கடற்கரையிலோ காற்று எழும்போது தங்கிவிடுவதே அறிவு. பட்டம் தப்பிய பின் விதைக்கத் துணியாத விவசாயி, பருவம் தப்பிய கடலில் ஏன் துணிந்து ஏற வேண்டும்? ஏறினால் ஆளை எண்ணுங்கள், அங்கியை எண்ணுங்கள், இரண்டும் ஒத்து வராவிட்டால் இறங்கிவிடுங்கள். தலைக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகப் படகோட்டியைப் பிழைக்குள் தள்ளாதீர்கள். நாம் தள்ளினோம். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

திரும்பி வரும் வழியில் பொல்கொல்லையில் வாகனத்தை நிறுத்தி ஆற்றைப் பார்த்தோம். எவரும் பேசவில்லை. அந்நீர் இன்னும் சில நாளில் கொட்டியாரக் குடாவைச் சேரும். அங்கே களப்பைக் கடக்கக் கரையில் நிற்கும் பிள்ளைகளிடம் அது எமது மௌனத்தையல்ல, எமது குரலைக் கொண்டு சேர்க்கட்டும்.