காசு அனுப்பும் கூலி

கனடாவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோரன்ஸ் அவென்யூ கிழக்கில் பல நாட்டுக் கடைகள் பக்கத்துப் பக்கமாக நிற்கின்றன. காசு அனுப்பும் நிறுவனங்களின் பலகைகளும் இங்கே புதிதல்ல. யாழ்ப்பாணத்துக்கும் நைரோபிக்கும் அடிஸ் அபாபாவுக்கும் போகும் காசு, பள்ளிக்கட்டணமாகவும் மருந்துச் செலவாகவும் கரைகிறது.

ஆனால் எல்லா இடத்துக்கும் கூலி ஒன்றல்ல. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவுக்கு 200 அமெரிக்க டொலர் அனுப்பச் சராசரியாக 8 சதவீதமளவில் செலவாவதாக உலக வங்கிக் கணக்குகள் காட்டுகின்றன. உலகிலேயே மிகக் கூடிய கூலி அது. தெற்காசியாவுக்கு இதைவிடக் குறைவு. இந்தக் கூலியை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதாக ஐ.நா. நாடுகள் 2015இல் உறுதியளித்தன.

இத்தனைக்கும் 2007இல் எம்-பெசா என்ற கைபேசிக் காசுச் சேவை தொடங்கிய கென்யாவில், சாதாரணக் கைபேசியிலிருந்து கிராமத்துத் தாய்க்கு நொடியில் காசு போகிறது. நாட்டுக்குள் சுலபமானது எல்லை தாண்டும்போதுதான் அடிபடுகிறது. போட்டி குறைவு, சிறு முகவர்களின் கணக்குகளை வங்கிகள் மூடுகின்றன, நாணயமாற்று வீதத்துக்குள் இன்னொரு கழிவு ஒளிந்திருக்கிறது. "கட்டணம் இல்லை" என்ற பலகையை நம்பி ஏமாறுவது அங்கேதான்.

உழைத்த காசில் இப்படிக் கிள்ளுவது அநியாயம். பெறுபவர் கையில் கிடைக்கும் தொகை எவ்வளவு என்பதை, காசை வாங்குமுன் எழுத்தில் காட்டும்படி கனடிய அரசு ஒவ்வொரு நிறுவனத்தையும் கட்டாயப்படுத்த வேண்டும். முறைசாரா உண்டியல் வழியில் காசு அனுப்பிய காலம் முதல் இந்தச் சுமை அறிந்த தமிழர், ஆபிரிக்க அயலவரோடு சேர்ந்து இதைத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும்.